பைத்தானிலிருந்து ஒலி அட்டையை ஆள எந்த நிரலகம்?

பைத்தான் நிரலிலிருந்து கணினியின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கவோ, மைக்கின் உணர்திறனை மாற்றவோ, சத்தம் எந்த ஸ்பீக்கரில் வர வேண்டும் என்று தீர்மானிக்கவோ வழி தேடுகிறவர் கையில் முதலில் அகப்படும் பெயர் பெரும்பாலும் பைஆடியோதான். அதை நிறுவப் போராடி, நிறுவி முடித்து, ஆவணத்தை மேலிருந்து கீழ்வரை படித்த பிறகுதான் ஒலியளவை மாற்றும் செயற்கூறு ஒன்றுகூட அதில் இல்லை என்பது தெரியவரும். இதில் பைஆடியோவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒலித் தரவை அட்டைக்குள் ஊற்றுவது ஒரு வேலை. அட்டையின் குமிழ்களைத் திருப்புவது வேறொரு வேலை. இரண்டையும் ‘ஆடியோ நிரலகம்’ என்ற ஒரே பெயரில் தேடும்போது தேர்வு தடுமாறுகிறது.

இந்த ஒப்பீட்டுக்குக் காரணமான வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடத்தில் நேரத்துக்கு மணி ஒலிக்கவும், பதிவுசெய்து வைத்த அறிவிப்புகளை வாசிக்கவும், வாசலில் இருக்கும் மைக்கிலிருந்து சிறு பதிவுகளை எடுக்கவும் ஒரு ராஸ்பெரி பை கணினியை அமைக்க வேண்டியிருந்தது. அதற்குத் திரையும் விசைப்பலகையும் கிடையாது. விலை மலிவான யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்றும், அதன் பின்னால் ஓர் ஆம்ப்ளிஃபயரும் மட்டுமே உண்டு. மாலை 6 மணிக்குப் பிறகு ஒலி தானாகக் குறைய வேண்டும். மின்சாரம் போய் வந்தாலும் யாரும் தொடாமலே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதற்கு ஐந்து வழிகளை எடுத்துவைத்துப் பார்த்தேன்: பைஅல்சாஆடியோ, பல்ஸ்சிடிஎல், சவுண்ட்டிவைஸ், பைஆடியோ ஆகிய நான்கு நிரலகங்கள்; இவை எதுவும் இல்லாமல் முனையத்தில் ஒலியளவை மாற்றும் ஏமிக்சர் போன்ற கட்டளைகளைப் பைத்தானிலிருந்து நேரே அழைப்பது ஐந்தாவது.

குமிழ் எந்த அடுக்கில் இருக்கிறது

லினக்ஸில் ஒலியளவு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரே எண்ணாக இருப்பதில்லை. அடித்தளத்தில், இயங்குதளத்தின் கருவான கெர்னலில், அல்சா என்ற ஒலி அமைப்பு இருக்கிறது. யாரோஸ்லாவ் கிசெலா 1998-ல் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் அட்டைக்காகத் தொடங்கிய பணி வளர்ந்து, பழைய ஓஎஸ்எஸ் ஒலி அமைப்பின் இடத்தைக் கெர்னல் 2.6-ல் பிடித்தது. அட்டையின் சில்லுக்குள் உண்மையாகவே இருக்கும் குமிழ்களையும் பொத்தான்களையும் வெளியே காட்டுவது இந்த அடுக்கு. அதன்மேல் ஒலி சர்வர் ஒன்று அமர்கிறது. லெனார்ட் பொட்டரிங் 2004-ல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தது, ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் வினியோகம் வெளிவந்த 2021 முதல் விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் ஒவ்வொரு வினியோகமாக அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. பல செயலிகளின் ஒலியைக் கலப்பது, ஒவ்வொரு செயலிக்கும் தனி ஒலியளவு வைப்பது, புளூடூத் ஹெட்செட் வந்தவுடன் ஒலியை அங்கே திருப்புவது எல்லாம் சர்வரின் பொறுப்பு. இரண்டுக்கும் மேலே, செயலி தானே தன் ஒலி மாதிரிகளை ஓர் எண்ணால் பெருக்கிச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது மூன்றாவது அடுக்கு.

பைஅல்சாஆடியோ முதல் அடுக்கைத் தொடுகிறது, பல்ஸ்சிடிஎல் இரண்டாவதை. சவுண்ட்டிவைஸும் பைஆடியோவும் மூன்றாவதோடு நின்றுவிடுகின்றன, அங்கேயும் பெருக்கலை நாமே செய்ய வேண்டும். எனவே எந்த நிரலகம் சிறந்தது என்பதைவிட, நம் கணினியில் ஒலியளவுக்கு உரிமையாளர் யார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்வதே பயன் தரும்.

பைத்தானின் செந்தர நிரலகத்திலேயே ஒரு காலத்தில் இதற்கான கூறு இருந்தது என்பதை இங்கே இடையில் சொல்லி வைக்கலாம். ஓஎஸ்எஸ்ஆடியோடெவ் என்ற அந்தக் கூறில் மிக்சரைத் திறந்து குமிழ்களைத் திருப்ப முடியும். ஆனால் அது பேசியது ஓஎஸ்எஸ் மொழி; லினக்ஸ் வீடு மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அது பழைய முகவரியிலேயே இருந்தது. ‘செத்த பேட்டரிகளை’, அதாவது செந்தர நிரலகத்தில் பயனற்றுப்போன கூறுகளை, அகற்றுவது என்ற முன்மொழிவின்படி 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-ல் அது நீக்கப்பட்டது. ஒலி மாதிரிகளின் உரப்பை அளக்கப் பலர் நம்பியிருந்த ஆடியோஆப் கூறும் அதோடு போயிற்று. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இவ்விரண்டையும் இறக்குமதி செய்பவருக்குப் புதிய பைத்தானில் பிழைச்செய்திதான் மிஞ்சும்.

பைஅல்சாஆடியோ: அட்டையோடு நேருக்கு நேர்

நிரலகத்தின் பெயர் பைஅல்சாஆடியோ என்றாலும் நிரலில் இறக்குமதி செய்யும்போது அல்சாஆடியோ என்றே எழுத வேண்டும். அதில் இரண்டு பொருள்கள் முக்கியமானவை: ஒலித் தரவைப் படிக்கவும் எழுதவும் பிசிஎம், குமிழ்களைத் திருப்ப மிக்சர். கணினியில் உள்ள அட்டைகளைப் பட்டியலிடவும், ஓர் அட்டையில் என்னென்ன மிக்சர் கட்டுப்பாடுகள் உள்ளன என்று கேட்கவும் ஆளுக்கொரு வரி போதும். என் யூஎஸ்பி அட்டையைக் கேட்டபோது மூன்று பெயர்கள் வந்தன: ஸ்பீக்கர், மைக், ஆட்டோ கெய்ன் கன்ட்ரோல். மாஸ்டர் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் மாஸ்டரையே திறப்பதால், அப்படியே நகலெடுத்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்ற பிழை வரும். நிரலகம் பழுது என்று அவர் நினைப்பார், உண்மையில் அந்த அட்டையின் சில்லில் அப்படி ஒரு குமிழ் இல்லை. எச்டிஎம்ஐ வெளியீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒலியளவுக் குமிழே இல்லாமல் இருப்பதுண்டு. டிவியின் ரிமோட்டிடம் விடப்பட்ட வேலை அது.

அந்த ஆட்டோ கெய்ன் கன்ட்ரோல் எனக்கு ஒரு வாரத்தைத் தின்றது. வாசலில் யாரும் பேசாத நேரத்தில் அட்டை தானாகவே மைக்கின் உணர்திறனை ஏற்றிக்கொண்டே போகும். பிறகு யாராவது வாய் திறந்தால் முதல் இரண்டு சொற்கள் வெடித்துக்கொண்டு பதிவாகும். அதை அணைக்க வேண்டும். ஆனால் பைஅல்சாஆடியோவின் மிக்சரில் அணை, ஏற்று என்ற செயற்கூறுகள் கிடையாது. அல்சா அந்தக் கட்டுப்பாட்டை ஒலி எழுப்பும் பக்கத்துச் சுவிட்சாக எண்ணுவதால், அதை மியூட் செய்தால் அணைந்துவிடும். அதாவது, மைக்கின் ஒரு வசதியை நிறுத்த ‘ஒலியை அடக்கு’ என்ற செயற்கூறை அழைக்கிறோம். விநோதமான வழிதான், ஆனால் வேலை செய்கிறது. நிரலில் அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பு எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து நாமே அதை அழித்துவிடுவோம்.

அட்டை எண்ணையும் நம்பக் கூடாது. கணினி எழும்போது எந்த அட்டை முதலில் கண்ணில் பட்டதோ அதற்கு 0, அடுத்ததற்கு 1 என்று எண்கள் விழுகின்றன. இன்று 1 ஆக இருந்த யூஎஸ்பி அட்டை நாளை 2 ஆகலாம். எண்ணுக்குப் பதிலாக அட்டையின் பெயரைச் சொல்லித் திறப்பதுதான் நிலையான வழி. மிக்சரும் பிசிஎம்மும் இரண்டுமே அதை ஏற்கின்றன. ஆனால் ஒரே வகை அட்டை இரண்டு செருகியிருந்தால் முதலாவது டிவைஸ், இரண்டாவது டிவைஸ்_1 என்று பெயர் பெறும். எது முதலாவது என்பது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட வரிசையைப் பொறுத்தது. அந்த நிலையில், லினக்ஸில் கருவிகளுக்குப் பெயர் சூட்டும் யூடெவ் அமைப்பில் விதி எழுதி, எந்தத் துளையில் செருகியது என்பதை வைத்துப் பெயர் சூட்டினால்தான் தப்பிக்க முடியும்.

பதிவு செய்யும் பக்கத்தில் எச்சரிக்கை ஒன்று. நாம் கேட்கும் மாதிரி வேகத்தை அட்டை தராவிட்டாலும் பைஅல்சாஆடியோ எப்போதும் கூச்சல் போடுவதில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு மௌனமாக நகர்ந்துவிடும். நொடிக்கு 16000 மாதிரி கேட்டு, அட்டை 48000 தந்து, கோப்பின் தலைப்பில் 16000 என்றே எழுதினால், 10 நொடிப் பேச்சு 30 நொடியாக இழுபட்டுப் பேய்க்குரலில் ஒலிக்கும். உண்மையில் என்ன கிடைத்தது என்பதை அண்மைய பதிப்புகளில் உள்ள இன்ஃபோ செயற்கூறு சொல்லும். அல்லது வன்பொருளை நேரே திறக்காமல் ‘பிளக்’ என்ற அல்சாவின் இடையடுக்கு வழியாகத் திறந்தால் மாற்றும் வேலையை அல்சாவே பார்த்துக்கொள்ளும். நம் நிரல் படிக்கத் தாமதித்துத் தரவு வழிந்துவிட்டால், ரீட் செயற்கூறு நீளத்துக்குப் பதில் ஓர் எதிர்மறை எண்ணைத் திருப்பித் தருகிறது. அதைச் சோதிக்காமல் எழுதிய நிரல்கள் நிறைய. அவற்றின் பதிவுகளில் இடையிடையே சொற்கள் காணாமல் போயிருக்கும், யாருக்கும் காரணம் புரியாது.

இந்த நிரலகத்தின் மிகப் பெரிய பலம், அதற்கு எந்தச் சர்வரும் பயனர் அமர்வும் தேவையில்லை என்பது. கணினி எழுந்து கெர்னல் அட்டையைக் கண்டவுடனே, யாரும் உள்நுழைவதற்கு முன்பே, நிரல் குமிழைத் திருப்ப முடியும்; நிரல் ஓடும் பயனர் ஆடியோ குழுவில் இருந்தால் போதும். யாராவது வேறு வழியில் குமிழைத் திருகினால் அதை உணர்ந்துகொள்ளவும் அதில் ஏற்பாடு உண்டு. பெரிய பலவீனம், அது லினக்ஸைத் தாண்டி எங்கும் ஓடாது. நிறுவும்போது அல்சாவின் தலைப்புக் கோப்புகளும் தொகுப்பியும் கேட்கலாம். டெபியன் வழி வந்த வினியோகங்களில் ஆயத்தப் பொதியாகவே கிடைப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. டெபியன் 12 முதல், நிரலகங்களை நிறுவும் பிப் கட்டளை கணினியின் பொதுப் பைத்தானில் கைவைக்க மறுப்பதால், அந்த ஆயத்தப் பொதியை எடுப்பதே என் பரிந்துரையும்.

50 சதவீதம் என்றால் எவ்வளவு

குமிழைத் திருப்பும் எந்த நிரலகத்தை எடுத்தாலும் ஒலியளவைச் சதவீதமாகவோ பின்னமாகவோ கேட்கும், அப்படியே சொல்லும். ஆனால் ஒரு நிரலகத்தின் 50 மற்றொன்றின் 50-க்குச் சமமில்லை. ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நடைமுறையில் மிக அதிகமாகக் கடிப்பது இதுதான்.

பழைய ராஸ்பெரி பையின் ஹெட்ஃபோன் துளையை எடுத்துக்கொள்வோம். அதன் குமிழ் மைனஸ் 102.39 டெசிபெலிலிருந்து பிளஸ் 4 டெசிபெல் வரை நீள்கிறது (0 என்பது கூட்டாத, குறைக்காத ஒலி; மைனஸ் என்றால் அதைவிடக் குறைவு). பைஅல்சாஆடியோவின் இயல்பான சதவீதம் இந்த நீளத்தை அப்படியே நூறாகப் பங்கிடுவதால், 50 என்று கொடுத்தால் குமிழ் மைனஸ் 49 டெசிபெலில் போய் நிற்கும். அமைதியான அறையில் காதை ஒட்டி வைத்தாலன்றி எதுவும் கேட்காது. பல்ஸ்ஆடியோ வேறு கணக்கு வைத்திருக்கிறது. அதில் கொடுக்கும் எண்ணின் மும்மடிதான் (அதே எண்ணை மூன்று முறை பெருக்கியது) உண்மையான வீச்சு, 0.5 கொடுத்தால் எட்டில் ஒரு பங்கு, அதாவது மைனஸ் 18 டெசிபெல். இது காதுக்கு ஓரளவு பாதி போலவே தோன்றும். அதே மைனஸ் 18-ஐ ராஸ்பெரி பையின் ஹெட்ஃபோன் குமிழில் பெற வேண்டுமானால் பைஅல்சாஆடியோவிடம் ஏறத்தாழ 79 கேட்க வேண்டும். ஒரு நிரலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எண்களை அப்படியே எடுத்துச் சென்றால், ஒரு பக்கம் மணி கேட்காது, மறு பக்கம் ஆம்ப்ளிஃபயர் அலறும்.

இன்னொரு சிக்கல் படிகள். ஓர் அட்டையின் குமிழில் 0 முதல் 37 வரை 38 நிலைகள்தான் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 2.7 சதவீதம். 50 கேட்டால் அட்டை 18-வது அல்லது 19-வது படியில் நிற்கும். திரும்பக் கேட்டால் 49 அல்லது 51 என்று சொல்லும். 50 ஆகும் வரை ஏற்று என்று சுழற்சி எழுதியவருடைய நிரல் விடியும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் 1 சதவீதம் கூட்டும் பொத்தான் வைத்தால், முழுமையாக்கும் கணக்கில் குமிழ் இருந்த இடத்திலேயே இருந்துவிடக்கூடும். பைஅல்சாஆடியோவின் அண்மைய பதிப்புகளில் ஒலியளவை அட்டையின் சொந்தப் படி எண்ணாகவோ டெசிபெலாகவோ கொடுக்க முடிகிறது. ஆம்ப்ளிஃபயரோடு நிரந்தரமாக இணைந்த கணினிக்கு டெசிபெல்தான் நாணயமான அளவு. மனிதர் இழுத்து விளையாடும் திரைக் குமிழுக்குப் பல்ஸ்ஆடியோவின் மும்மடிக் கணக்கு காதுக்கு இணக்கமானது.

பல்ஸ்சிடிஎல்: சர்வரிடம் சொல்லிவிடுவது

மேசைக் கணினியிலோ மடிக்கணினியிலோ ஒலியளவுக்கு உரிமையாளர் சர்வர்தான். அங்கே பைஅல்சாஆடியோவை இயல்பான பெயரில் திறந்தால் மாஸ்டர், கேப்ச்சர் என்று இரண்டே பெயர்கள் கிடைப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். அவை அட்டையின் குமிழ்கள் அல்ல. சர்வர் அல்சாவின் வேடத்தில் வந்து காட்டும் இரண்டு பொம்மைக் குமிழ்கள். அட்டையை எண் சொல்லித் திறந்தால் உண்மையான பட்டியல் முழுவதும் வரும், ஆனால் அதைத் திருப்பினால் சர்வர் வைத்திருக்கும் கணக்கோடு மோதல் தொடங்கும். ஒலித் தரவை வன்பொருளுக்கு நேரே அனுப்ப முயன்றால் மோதல் இன்னும் வெளிப்படையானது: சர்வர் அட்டையைப் பிடித்திருக்கும்போது ‘கருவி வேலையில் இருக்கிறது’ என்ற பிழை வரும். சர்வர் சில நொடிகள் சும்மா இருந்தால் அட்டையை விட்டுவிடும் வழக்கமுடையது. பல்ஸ்ஆடியோவில் அந்த இடைவெளி இயல்பாக 5 நொடி. அதனால் அதே நிரல் காலையில் ஓடும், பின்னணியில் பாட்டு ஒலிக்கும்போது ஓடாது. இப்படி ஆளைப் பார்த்து மாறும் பிழையைத் துரத்துவதைவிடச் சலிப்பூட்டும் வேலை குறைவு.

அந்தக் கணினிகளில் பல்ஸ்சிடிஎல் எடுப்பதே முறை. அது பல்ஸ்ஆடியோவின் சி நிரலகத்தை நேரடியாக அழைப்பதால், நிறுவும்போது எதையும் தொகுக்க வேண்டியதில்லை. சர்வரிடம் உள்ள வெளியீடுகள், உள்ளீடுகள், ஒலித்துக்கொண்டிருக்கும் செயலிகள் எல்லாவற்றையும் பைத்தான் பொருள்களாகத் தருகிறது. உலாவியின் சத்தத்தை மட்டும் குறைப்பது, ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டை அப்படியே ஹெட்செட்டுக்கு நகர்த்துவது, புளூடூத் ஹெட்செட்டை இசைத் தரத்திலிருந்து மைக்கோடு கூடிய அழைப்புத் தரத்துக்கு மாற்றுவது ஆகியவை ஒவ்வொன்றும் ஓரிரு வரி. இவற்றில் ஒன்றைக்கூடப் பைஅல்சாஆடியோவால் செய்ய முடியாது. அட்டைக்குச் செயலிகளைப் பற்றி எதுவும் தெரியாது. பைப்வயர் வந்ததால் இது காலாவதியாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: பைப்வயர் பல்ஸ்ஆடியோவின் நெறிமுறையையே பேசும் ஒரு முகப்பை உடன் வைத்திருப்பதால், பல்ஸ்சிடிஎல்லில் எழுதிய நிரல்கள் பெரும்பாலும் மாற்றமின்றி ஓடுகின்றன.

இரண்டு இடங்களில் கால் இடறும். சர்வரில் நடக்கும் மாற்றங்களைக் காத்திருந்து கேட்கும் வசதி இதில் உண்டு, ஆனால் மாற்றம் வந்தவுடன் அழைக்கப்படும் செயற்கூறுக்குள்ளிருந்தே சர்வரிடம் மறுபடி எதையும் கேட்க முடியாது. அந்தச் சுழற்சியை நிறுத்திவிட்டு வெளியே வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, மீண்டும் காத்திருக்கச் செல்ல வேண்டும். ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தாலும் எல்லோரும் ஒருமுறை இடித்துக்கொண்டுதான் அதைப் படிக்கிறோம். இரண்டாவது, ஒலி சர்வர் பயனரின் அமர்வுக்குள் ஓடுவது. கணினி எழும்போது ரூட் பயனராக (நிர்வாகியாக) ஓடும் சேவையிலிருந்து பல்ஸ்சிடிஎல்லை அழைத்தால் இணைப்பு கிடைக்காது. சேவையைப் பயனர் சேவையாக மாற்றி, உள்நுழைவு இல்லாமலும் அந்தப் பயனரின் அமர்வு உயிரோடிருக்கும்படி அமைக்க வேண்டும். செய்ய முடியாத காரியமில்லை. திரையே இல்லாத மணிப்பெட்டிக்கு இத்தனை சடங்கு எதற்கு என்பதுதான் கேள்வி.

சவுண்ட்டிவைஸ், பைஆடியோ

இவை இரண்டும் போர்ட்ஆடியோ என்ற ஒரே சி நிரலகத்தின் மேல் போர்த்திய இரண்டு சட்டைகள். ராஸ் பென்சினாவும் ஃபில் பர்க்கும் தொடங்கிய போர்ட்ஆடியோவின் நோக்கம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரியாக ஒலித் தரவை ஓட்டுவது. மூன்றுக்கும் பொதுவானதை மட்டும் எடுத்துக்கொண்டதால் குமிழ்கள் வெளியே நின்றுவிட்டன. எந்தக் கருவியைத் திறப்பது, எத்தனை தடம் (சேனல்), என்ன வேகம் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதோடு கட்டுப்பாடு முடிகிறது.

இரண்டுக்குள் தேர்வு கடினமில்லை. பைஆடியோ 2006 முதல் இருப்பது. பேச்சை உணரும் பல நிரல்கள் மைக்கைத் திறக்க அதையே நம்பியிருந்ததால் அதன் பெயர் பரவியது. அதன் 0.2.11 பதிப்பு 2017-ல் வந்த பிறகு அடுத்தது 2022 வரை வரவில்லை. அந்த இடைவெளியில் புதிய பைத்தான் பதிப்புகளுக்கு விண்டோஸில் ஆயத்தப் பொதி இல்லாமல் மாணவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. லினக்ஸில் இன்றும் பிப் வழியாக நிறுவினால் போர்ட்ஆடியோவின் தலைப்புக் கோப்பு இல்லை என்று தொகுப்பு பாதியில் நின்றுபோவது வழக்கம். சவுண்ட்டிவைஸ் விண்டோஸுக்கும் மேக்குக்கும் போர்ட்ஆடியோவைத் தன் பொதிக்குள்ளேயே கொண்டுவருகிறது. லினக்ஸில் அதன் இயக்கநேரப் பொதி ஒன்று இருந்தால் போதும். ஒலியை நம்பை என்ற கணித நிரலகத்தின் அணியாகவே கொடுத்து வாங்குவதால், அளவிடுவது, வடிகட்டுவது, பெருக்குவது எல்லாம் இயல்பாக நடக்கின்றன. புதிதாக எழுதுபவர் பைஆடியோவை எடுக்க இப்போது காரணம் இல்லை என்பது என் கருத்து. அதன்மேல் ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கலைக்கவும் காரணம் இல்லை.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் மணிப்பெட்டி போன்றவற்றுக்குக் கேடு. போர்ட்ஆடியோ தொடங்கும்போது ஒரே ஒருமுறை கருவிகளைக் கணக்கெடுக்கும். பிறகு யூஎஸ்பி அட்டை பிடுங்கப்பட்டு மீண்டும் செருகப்பட்டால் அதற்குத் தெரியாது. நிரலகத்தை மூடித் திறந்து மறுபடி தொடங்கச் செய்ய வேண்டும். லினக்ஸில் அந்தக் கணக்கெடுப்பின்போது, இல்லாத பின்பக்க ஸ்பீக்கர், இல்லாத மையஸ்பீக்கர் என்று அல்சா வரிவரியாகப் புலம்புவதைத் திரையில் பார்த்துப் பயந்தவர்கள் பலர். அந்த வரிகளால் தீங்கு எதுவும் இல்லை, நிரலின் லாக் கோப்பு நிறைவதைத் தவிர.

கட்டளையை அழைப்பது

நிரலகங்களை ஒப்பிடும் கட்டுரைகள் இதை ஏளனமாகத் தள்ளிவிடுவது வழக்கம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். நாளுக்கு இரண்டு முறை ஒலியளவை மாற்றுவதுதான் வேலை என்றால், வெளிக் கட்டளைகளை ஓட்டும் பைத்தானின் சப்பிராசஸ் கூறு வழியாக ஏமிக்சரையோ, பைப்வயர் கணினியில் அதே வேலை செய்யும் டபிள்யூபிசிடிஎல்லையோ அழைத்துவிட்டுப் போவதில் எந்த இழிவும் இல்லை. நிறுவ எதுவும் இல்லை. முனையத்தில் சோதித்த அதே வரி நிரலுக்குள் போகிறது. பைத்தான் பதிப்பு மாறினாலும் உடையாது. காதின் கணக்குக்கு ஏற்பச் சதவீதத்தை மாற்றித் தரும் தேர்வும் ஏமிக்சரில் உண்டு. சிக்கல் பதிலைப் படிக்கும்போது வருகிறது. ஏமிக்சர் மனிதர் படிப்பதற்காக எழுதும் வெளியீட்டிலிருந்து சதவீதத்தைப் பிடுங்க எழுதும் தேடல் கோவை (ரெஜெக்ஸ்), ஒற்றைத் தடக் குமிழில் ஒரு விதமாகவும் இரட்டைத் தடக் குமிழில் வேறு விதமாகவும் தடுமாறும். சொல்வதற்கு மட்டும் கட்டளை, கேட்பதற்கு நிரலகம் என்று நான் கோடு போட்டுக்கொள்கிறேன். நொடிக்குப் பலமுறை குமிழை நகர்த்தும் வேலைக்கும் இது உதவாது. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு புதிய செயலாக்கத்தைப் பிறப்பிப்பது வீண் செலவு.

விண்டோஸில் இதே கேள்விக்கு விடை பைகா என்ற நிரலகம். விஸ்டா காலம் முதல் விண்டோஸில் இருக்கும் ஒலி இடைமுகங்களை அது அழைக்கிறது. முழுக் கணினியின் ஒலியளவும் செயலி வாரியான ஒலியளவும் அதற்கு எட்டும். மேக்கில் கணினி ஒலியளவை மட்டும் மாற்ற, ஆப்பிள்ஸ்கிரிப்ட் வரி ஒன்றைக் கட்டளையாக அழைத்தாலே போதும். மூன்று இயங்குதளங்களிலும் குமிழைத் திருப்பும் ஒரே நிரலகத்தைத் தேடுபவர் தேடுவதை நிறுத்திவிட்டு, மூன்றுக்கும் தனித்தனியே பத்துப் பத்து வரி எழுதிக்கொள்வது விரைவில் முடியும்.

என் பெட்டியில் எடுத்த முடிவு

மணிப்பெட்டியில் திரை இல்லாத பதிப்பை நிறுவினேன். அதில் ஒலி சர்வரே ஓடுவதில்லை. ராஸ்பெரி பையின் மேசைப் பதிப்பு 2023-ல் பைப்வயருக்கு மாறியபோது அதையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். பல்ஸ்சிடிஎல்லில் எழுதுவது சுகமாக இருந்தாலும், மின்சாரம் வந்தவுடன் பயனர் அமர்வு எழும்வரை முதல் மணி காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே ஓர் அட்டை, ஒரே ஒரு செயலி உள்ள இடத்தில் நடுவில் ஒரு சர்வரை வைத்து அதைப் பராமரிப்பதற்கு நியாயம் கிடைக்கவில்லை. எனவே குமிழ்களுக்கும் பதிவுக்கும் பைஅல்சாஆடியோ. என் மடிக்கணினியில் இதே வேலைக்கு நான் அதைத் தொடுவதில்லை. அங்கே பல்ஸ்சிடிஎல்தான், பதிவான ஒலியை அலச வேண்டியபோது கூடவே சவுண்ட்டிவைஸ்.

பெட்டி எழுந்தவுடன் நிரல் செய்யும் முதல் வேலை, அட்டையைப் பெயர் சொல்லித் தேடுவது. கிடைக்காவிட்டால் 2 நொடிக்கு ஒருமுறை மறுபடி தேடும். கிடைத்தவுடன் ஆட்டோ கெய்ன் கன்ட்ரோலை மியூட் செய்து, மைக்கையும் ஸ்பீக்கரையும் டெசிபெலில் நிறுத்தி, உடனே திரும்பக் கேட்டு வந்த எண்ணை லாக் கோப்பில் எழுதுகிறது. மாலை 6 மணிக்கு 12 டெசிபெல் இறங்குகிறது, காலையில் ஏறுகிறது. சென்ற மாதம் யாரோ அட்டையைக் கழற்றி வேறு துளையில் செருகியிருந்தார்கள். லாக் கோப்பில் நான்கு வரிகள் கூடுதலாக இருந்தன, மணி சரியான நேரத்துக்கு ஒலித்தது.